பசியில்லாத மீனுக்கு

தூண்டில் என்றால் இரை, இரை என்றால் பசி என்றுதான் நமக்குப் பழக்கம். புழுவைக் கோத்துவிட்டு மிதவையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கும் தண்ணீருக்கடியில் இருக்கும் மீனுக்கும் இடையே உள்ள விவகாரம் எளிமையானது. இரண்டு பேருக்கும் பசி. இந்த விவகாரத்துக்கு வெளியே ஒரு மீன் இருக்கிறது. அமெரிக்காவின் கிழக்குக் கரை ஆறுகளில், வசந்த காலத்தில், முட்டையிடுவதற்காகக் கடலிலிருந்து ஏறிவரும் ஷாட் என்ற மீன். ஆற்றுக்குள் நுழைந்தபின் அது அநேகமாக ஒன்றும் தின்பதில்லை. கடலில் இருக்கும்போதும் அதன் ஆகாரம் தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்கள்தான்; வாயைத் திறந்துகொண்டு நீந்தி, செவுளில் சீப்புப் பல் போல அடர்ந்திருக்கும் முட்களால் வடிகட்டித் தின்கிற ஜாதி. அப்படிப்பட்ட மீன் ஆற்றில், சிவப்பும் வெள்ளையும் பூசிப் பின்னால் நாலு மயிரைக் கட்டிய ஒரு சின்ன ஈயத்துண்டைக் கவ்வுகிறது. ஏன் கவ்வுகிறது என்பது இன்னும் தீராத கேள்வி. எரிச்சல் என்கிறார்கள். கடலில் தின்ற பழக்கத்தின் மிச்சம் என்கிறார்கள். ‘வழியில் குறுக்கே வந்ததை ஒதுக்கப் பார்க்கிறது, அதற்குக் கை இல்லை, வாய்தான் இருக்கிறது’ என்றார் எனக்கு இதைக் கற்றுக்கொடுத்த கிழவர்.

கொக்கியின் கழுத்தில் ஈயத்தை வார்த்துச் செய்யும் இந்தச் சாதனத்துக்கு ஜிக் என்று பெயர். கனத்தால் தண்ணீரில் இறங்குவதும், நரம்பு இழுபடும்போது எழுவதும்தான் அதன் வேலை. ஷாட் மீனுக்கென்று ஏற்பட்ட ஜிக்கை டார்ட் என்பார்கள். ஒரு சிறிய கூம்பு. அகன்ற முனை முன்பக்கம். அந்த முனை நேராக இல்லாமல் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். ஓட்டம் அந்தச் சாய்ந்த முகத்தில் மோதும்போது ஜிக் ஒரு நிலையில் நில்லாமல் தத்தளிக்கும். அவ்வளவுதான் விஷயம். பத்து வருஷங்களுக்கு மேலாகப் பெருங்குடியில் என் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து இதைச் செய்துகொண்டிருக்கிறேன். பெருங்குடியில் ஷாட் கிடையாது. அது ஏறி வர ஆறும் கிடையாது. கிழக்கே பக்கிங்ஹாம் கால்வாய், மேற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு, இரண்டையும் இணைக்கும் ஒக்கியம் மடுவு, இவைதான் எங்கள் நீர்நிலைகள்.

2014-ல் மகள் வீட்டுக்கு ஆறு மாதம் போயிருந்தேன். பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் பெற்றோர்களின் ஆறு மாதம் எப்படிப்பட்டது என்று தென்சென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நியூஜெர்ஸியில் டெலவேர் ஆற்றங்கரையில் லாம்பர்ட்வில் என்று ஒரு சிற்றூர். அங்கே லூயிஸ் குடும்பத்தினர் 1888-லிருந்து ஷாட் பிடிக்கிறார்கள். ஒரு முனையைக் கரையில் பிடித்துக்கொண்டு, படகில் வலையை வளைத்துக்கொண்டு போய், திரும்பக் கரைக்குக் கொண்டுவந்து இழுக்கிறார்கள். நம் குப்பங்களில் இழுக்கிற கரைவலைதான். ஓர் அமெரிக்க ஆற்றில், ஏப்ரல் மாதக் குளிரில், அந்த வலை இழுப்பதைப் பார்த்தபோதுதான் ஆறு மாதத்தில் எனக்கு முதல் தடவையாக ஊரில் இருப்பதுபோல இருந்தது. மறுநாளும் போனேன். கீழே கொஞ்ச தூரத்தில் சிலர் நின்று தூண்டில் வீசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் மரவேலைக்காரர், எழுபது தாண்டியவர். என்ன தொழில் செய்தாய் என்று கேட்டார். வார்ப்படச் சாலையில் பேட்டர்ன் செய்தவன் என்றேன். அதற்குப்பிறகு அவர் என்னை வேடிக்கை பார்க்க வந்தவனாக நடத்தவில்லை. தம் பெட்டியைத் திறந்து காட்டினார்.

பெட்டியில் கண்ணறைகள் இருந்தன. ஜிக்குகளை நிறத்தை வைத்துப் பிரித்திருப்பார் என்று நினைப்பது இயல்பு. அவர் கனத்தை வைத்துப் பிரித்திருந்தார். ஒன்றே முக்கால் கிராம், மூன்றரை கிராம், ஏழு கிராம் என்று நம் கணக்கில் வரும். ஒவ்வொரு கனத்திலும் நிறங்கள் கலந்து கிடந்தன. ஷாட் ஆற்றின் மேல்மட்டத்தில் வருவதில்லை. ஓட்டமுள்ள ஆழமான தடத்தில், தரையை ஒட்டினாற்போல், கூட்டமாக ஏறுகிறது. ஜிக்கை ஆற்றுக்குக் குறுக்கே வீசினால் ஓட்டம் அதைக் கீழ்நோக்கி வளைத்துக்கொண்டுபோய் நரம்பு விறைக்கிற இடத்தில் தொங்கவிடும். அங்கே அது மீனின் முகத்துக்கு நேராக நிற்க வேண்டும். கனம் அதிகமானால் தரைக் கல்லில் மாட்டிக்கொள்ளும். குறைந்தால் ஓட்டம் அதை மேலே தூக்கிவிடும். மீனோ தன் பாதையை விட்டு ஒரு முழம் மேலே எழும்பி வந்து கடிக்காது, ஏனென்றால் அதற்குத்தான் பசியில்லையே. பசியுள்ள மீன் நம் பிழைகளை மன்னிக்கும். இது மன்னிக்காது.

ஆகையால் ஜிக்கைத் தேர்ந்தெடுப்பது என்பது அந்த நாளின் ஆற்றைத் தேர்ந்துகொள்வதுதான். பனி உருகி ஆறு பெருகியிருக்கும் ஏப்ரல் தொடக்கத்தில் ஏழு கிராம் வேண்டும். மே மாதத்தில் தண்ணீர் வடிந்து தெளிந்தபின் அதே இடத்தில் ஒன்றே முக்கால் போதும். காலையில் ஒன்று, மேலே எங்கோ மழை பெய்து தண்ணீர் ஏறிய சாயங்காலத்தில் வேறொன்று. கலங்கலில் பளிச்சென்ற நிறம், தெளிவில் அடங்கிய நிறம் என்று நிறத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. ஆனால் அது கடைசியில் வருவது. ‘நிறம் எதற்கு?’ என்று கேட்டேன். ‘பாதி மீனுக்கு, பாதி எனக்கு. எனக்கு நம்பிக்கை இல்லாத ஜிக்கை நான் சரியாக வீசமாட்டேன்’ என்றார்.

*

எழுபதுகளில் சென்னையில் இலக்கியம் பேசித் திரிந்த எங்களில் பலருக்கு உருவம், உள்ளடக்கம் என்ற இரண்டு வார்த்தைகளும் அன்றாட அரிசி பருப்பு மாதிரி. எது முதல், எது பின் என்று இரவு கடைசி பஸ் போகும்வரை வாதாடியிருக்கிறோம். உள்ளடக்கம்தான் எல்லாம் என்றவர்கள் கவிதையைத் தூண்டிலில் கோத்த புழுவாகப் பார்த்தார்கள். வாசகனின் பசி முதலிலேயே தீர்மானமாகிவிட்டது, அதற்கேற்ற இரையை வைக்க வேண்டியதுதான் பாக்கி. உருவம்தான் எல்லாம் என்றவர்களோ பல சமயங்களில் நிறத்தைத்தான் உருவம் என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். கனத்தைப் பற்றி, அது எந்த ஆழத்தில், எந்த ஓட்டத்தில் நிற்க வேண்டும் என்பதைப் பற்றி, யாரும் பேசியதாக ஞாபகம் இல்லை. லாம்பர்ட்வில் கிழவரின் பெட்டியைப் பார்த்தபோது, அந்தப் பழைய வாதத்தில் விட்டுப்போன பக்கம் இதுதான் என்று எனக்குப் பட்டது. ஜிக்கில் இரை என்பதே இல்லை. அது எதன் சாயலும் அல்ல. சிவப்பும் வெள்ளையுமாக, ஒரு பக்கம் சீவிய கூம்பாக, ஷாட் தின்கிற எந்த ஜீவராசியும் கிடையாது. ஆனாலும் அது வெறும் அலங்காரமல்ல. ஒரு குறிப்பிட்ட தண்ணீரில் ஒரு குறிப்பிட்ட விதமாக விழுவதற்கென்றே அதன் ஒவ்வொரு கோணமும் ஏற்பட்டிருக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு ஜிக்கைச் சொல்லலாம். முட்டுக்காட்டில் முகத்துவாரம் திறந்திருக்கும் நாட்களில் கொடுவாய்க்குத் தூண்டில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கொடுவா வேட்டையாடுகிற மீன். மடவைக் குஞ்சை மறைந்திருந்து பிடிக்கும். அதற்கான ஜிக் மடவையைப் போலவே இருக்க வேண்டும். வெள்ளி வயிறு, சாம்பல் முதுகு, கண் வைத்தால் இன்னும் விசேஷம், வால் அடித்துக்கொள்ள வேண்டும். அது யதார்த்தவாதம், அந்த மீனுக்கு அதுதான் சரி. கொடுவா ஜிக்கை ஷாட்டிடமும் ஷாட் ஜிக்கைக் கொடுவாயிடமும் கொண்டுபோய்விட்டு, இந்த உருவம் தோற்றுவிட்டது என்று தீர்ப்புச் சொல்வது நம் விமர்சனத்தில் அடிக்கடி நடக்கிற காரியம்.

*

செய்முறைக்கு வருகிறேன். ஊர் திரும்பியபின் முதலில் வேண்டியிருந்தது அச்சு. அங்கே அலுமினிய அச்சுகள் கடையில் கிடைக்கின்றன. எனக்கு அதில் ருசி இல்லை. எங்கள் வீட்டில் விளிம்பு உடைந்த கல்சட்டி ஒன்று பரணில் இருந்தது. மாக்கல் சூட்டைத் தாங்கும், கத்தியால் சீவலாம், உருகிய உலோகம் அதில் ஒட்டாது. உலகத்தின் பல மூலைகளில் ஆதிகாலந்தொட்டு அச்சுக்கு அந்தக் கல்லைத்தான் எடுத்திருக்கிறார்கள். சட்டியின் அடிப்பாகத்தை இரண்டு துண்டாக அறுத்து, ஒன்றோடொன்று வெளிச்சம் தெரியாமல் பொருந்தும்வரை கருங்கல் தரையில் தேய்த்தேன். இரண்டையும் நகராமல் பிடிக்க இரண்டு ஆணிக்குழி. பிறகு ஒவ்வொன்றிலும் பாதிக் கூம்பு, கொக்கி படுக்க ஒரு கீறல், மேலே ஊற்றுவாய், காற்று வெளியேற மயிரிழைபோல் ஒரு வழி. கூம்பின் சாய்ந்த முகத்துக்கு மட்டும் மூன்று நாள் ஆயிற்று.

கடையில் கிடைக்கும் கொக்கியின் காம்பு நேராக இருக்கும். ஜிக்குக்கு அதன் கழுத்து செங்கோணமாக வளைய வேண்டும். பதமேற்றிய எஃகு, அப்படியே வளைத்தால் ஒடியும். வளைகிற இடத்தை மட்டும் தீயில் காட்டிச் சிவக்கவைத்து, மெதுவாக ஆறவிட்டு வளைக்க வேண்டும். முனைக்குச் சூடு போய்விடக் கூடாது. போனால் கூர் நிற்காது. முனையை ஒரு வெட்டிய உருளைக்கிழங்கில் குத்தி வைத்துக்கொண்டு கழுத்தைச் சுட்டால் அந்தக் கவலை இல்லை.

காரீயம் 327 டிகிரி சென்டிகிரேடில் உருகும். அடுப்பும் கரண்டியும் இதற்கென்றே தனியாக இருக்க வேண்டும். அவை மறுபடி சமையலறைக்குள் போகக் கூடாது. அச்சில் ஈரம் இருக்கவே கூடாது. ஒரு சொட்டுத் தண்ணீர் ஆவியாகி உருகிய ஈயத்தை முகத்தில் அடித்துவிடும். சட்டியாக இருந்த காலத்தில் குழம்பு குடித்த கல் ஆகையால் முதலில் அதை நன்றாகச் சுட்டு உலர்த்த வேண்டியிருந்தது. ஒரு மணி நேரம் மொட்டைமாடியில் பழைய வத்தக்குழம்பு வாசனை. உள்பக்கத்தைச் சிம்னி விளக்குப் புகையில் கரியேற்றிக்கொண்டால் ஈயம் தயங்காமல் ஓடி மூலைமுடுக்கெல்லாம் நிரம்பும். வார்ப்படத்தில் முப்பது வருஷம் இருந்தவனுக்கு இதெல்லாம் புதிதல்ல. ஆனால் டன் கணக்கில் இரும்பு ஊற்றுவதற்குப் பேட்டர்ன் செய்த கைக்கு, மூன்றரை கிராம் என்பது வேறு விதமான கண்டிப்பு.

மயிர் அடுத்த பிரச்னை. அங்கே மான்வால் மயிர்தான் கட்டுகிறார்கள். இங்கே 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மானின் எந்த உறுப்பையும் தொடக் கூடாது. கன்றுக்குட்டி வால் மயிரும் வெள்ளாட்டு மயிரும் கிடைக்கின்றன. ஆட்டு மயிர் தண்ணீரில் சீக்கிரம் படுத்துவிடுகிறது; கன்றின் வால் மயிரில் ஒரு சுருள் இருப்பதால் விரிந்து நிற்கிறது. இரண்டு இழை ஜரிகையும் சேர்த்துக் கட்டினால் ஓட்டத்தில் மினுங்கும். இதை யோசித்தவள் என் மனைவி. நைந்துபோன புடவைக் கரையிலிருந்து இழை உருவிக் கொடுத்தாள். ‘அசல் ஜரிகை வேணாங்க, அதுக்குக் கடையில காசு குடுப்பான். இந்த டூப்ளிகேட்டை எடுத்துக்குங்க, உங்க மீனுக்குத் தெரியவா போகுது’ என்றாள். வண்ணத்துக்கு நகப்பூச்சு. முதலில் வெள்ளை, அது உலர்ந்தபின் முன்பாதிக்குச் சிவப்பு.

காசிமேட்டில் வலைச்சாமான் விற்கும் கடையில்தான் ஈயம் வாங்குவேன். ஒரு தடவை முடித்த ஜிக்குகள் சிலவற்றைக் கடைக்காரரிடம் காட்டினேன். உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தார்.

‘இன்னா சார் இது, கம்மலா?’

தூண்டில் என்றேன்.

‘இதுல எந்த மீனு சார் வாய வெக்கும்?’

ஆற்றில் ஏறும்போது ஒன்றும் தின்னாத மீன் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது, அதுதான் என்றேன்.

‘பசியே இல்லாத மீனு இன்னாத்துக்கு வாய வெக்குது? மனுசன் மாரி சொல்றியே சார்’ என்று சிரித்தார். பிறகு ஒன்றை நரம்பில் கட்டித் தொங்கவிட்டு, விரலால் தட்டி, அது எப்படிச் சுற்றுகிறது என்று கொஞ்ச நேரம் பார்த்தார். ‘சாய்ச்சு வெட்டிக்கிறது அதுக்குத்தானா’ என்றார். நான் மூன்று நாள் செலவழித்த இடம் அவருக்கு அரை நிமிஷத்தில் புரிந்துவிட்டது.

ஈயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மாட்டிக்கொண்டு அறுந்துபோகும் ஜிக்குகள் ஆற்றிலேயே கிடக்கின்றன. நீர்ப்பறவைகள் கல்லைப் பொறுக்குவதுபோல் ஈயத்தைப் பொறுக்கி விழுங்கிச் சாகின்றன. இங்கிலாந்தில் அன்னங்கள் செத்ததால் 1987-ல் தூண்டிலுக்குச் சிறு ஈயக்குண்டுகளைத் தடை செய்தார்கள். அமெரிக்காவிலும் சில மாநிலங்களில் தடை வந்திருக்கிறது. நாரைகளும் பூநாரைகளும் வந்து இறங்கும் சதுப்பின் ஓரத்தில் குடியிருந்துகொண்டு இதைக் கேட்காததுபோல் இருக்க முடியவில்லை. வெள்ளீயத்துக்கு மாறினேன். ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வெள்ளீயம்தான். காலியாக அடுப்பில் வைத்தால் உருகி ஓடிவிடும் என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். 232 டிகிரியிலேயே உருகுவதால் வேலை சுலபம். ஆனால் அதே அச்சில் காரீயம் மூன்றரை கிராம் என்றால் வெள்ளீயம் இரண்டேகால் கிராம்தான் வரும். அதே கனம் வேண்டுமானால் உருவத்தைப் பெரிதாக்க வேண்டும். பெரிதாக்கினால் ஓட்டம் மோதுகிற முகமும் பெரிதாகிறது. தத்தளிப்பின் லயம் மாறுகிறது. சாய்வின் கோணத்தைக் குறைக்க வேண்டியிருக்கிறது. மறுபடி கல்லைச் சீவினேன். வஸ்து மாறினால் உருவத்தை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது என்பதை எழுபதுகளில் யாராவது இப்படிக் கிராமில் நிறுத்துக் காட்டியிருந்தால் பல இரவுகள் மிச்சமாகியிருக்கும்.

*

ஒவ்வொரு வருஷமும் பிப்ரவரி, மார்ச்சில் யாராவது அந்தப் பக்கம் பிரயாணம் போகிறவர்களிடம் முப்பது ஜிக்குகள் கொடுத்தனுப்புகிறேன். 2018-ல் மறுபடி போனபோது கிழவரின் பெட்டியில் அவற்றுக்குத் தனிக் கண்ணறை இருந்தது. அந்த வருஷம்தான் அவர் ஆற்றின் கதையை முழுதாகச் சொன்னார். டெலவேரின் பிரதான ஓட்டத்தில் ஓர் அணைகூட இல்லை. 1962-ல் டாக்ஸ் தீவில் ஒரு பெரிய அணைக்கு அனுமதி கொடுத்து, நிலமெல்லாம் வாங்கியும்விட்டார்கள். எதிர்ப்பு வலுத்து 1975-ல் கைவிட்டார்கள். ஆனாலும் அவருடைய சிறுவயதில் ஷாட் கிட்டத்தட்ட வராமலே போயிருந்தது. காரணம் கல்லணை அல்ல, கழிவு. பிலடெல்ஃபியாவை ஒட்டிய பகுதியில் சாக்கடையும் ஆலைத் தண்ணீரும் சேர்ந்து, 1940-களில் கோடை மாதங்களில் அங்கே தண்ணீரில் பிராணவாயுவே இல்லை. மீன் அந்தச் சுவரைத் தாண்ட முடியாமல் செத்தது. 1972-ல் தூய நீர்ச் சட்டம் வந்து, நகரங்கள் கழிவைச் சுத்திகரிக்கத் தொடங்கியபின் சுவர் கரைந்தது, மீன் திரும்பியது. லாம்பர்ட்வில்லில் அதைக் கொண்டாட 1981-ல் ஒரு விழா தொடங்கினார்கள். பழைய எண்ணிக்கை வரவில்லை. இருந்தாலும் வருகிறது.

பெருங்குடிக்காரனுக்கு இந்தக் கதை வெறும் தகவலாக இருக்க முடியாது. எங்கள் சதுப்பு ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் என்று சொல்வார்கள். 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது 1,247 ஹெக்டேர். மாநகராட்சி பல வருஷங்கள் குப்பை கொட்டியது அதன் மேல்தான். ஒக்கியம் மடுவு வழியாகச் சதுப்பின் தண்ணீர் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும், அதிலிருந்து தெற்கே முட்டுக்காட்டுக்கும் போகிறது. அதாவது கடலுக்கு வழி இருக்கிறது. வடகிழக்குப் பருவத்தில் மடுவுப் பாலத்தடியில் பையன்கள் மண்புழு கோத்து ஜிலேபி பிடிக்கிறார்கள். கறுத்த தண்ணீரிலும் உயிர் வாழத் தெரிந்த மீன் அது. தை பிறந்து தண்ணீர் நின்றுவிட்டால் அதுவும் மேலே வந்து வாயைப் பிளக்கிறது. இங்கேயும் சுவர் கல்லால் ஆனதல்ல.

கல்லால் ஆன சுவர் வேறிடத்தில் இருக்கிறது. ஷாட்டுக்கு நம் பக்கத்தில் உறவுக்கார மீன் ஒன்று உண்டு. வங்காளிகள் இலிஷ் என்றும், கோதாவரிக்காரர்கள் புலசா என்றும் கொண்டாடுவது. தமிழில் அதன் பெயர் உள்ளம். அதே வெள்ளி உடம்பு, அதே முள், அதே ருசி, கடலிலிருந்து முட்டையிட ஏறுகிற அதே வழக்கம். காவிரியிலும் கொள்ளிடத்திலும் வெள்ள காலத்தில் ஏறிக்கொண்டிருந்தது. 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணை கட்டப்பட்டது. மீன்கள் அணைக்குக் கீழே வந்து முட்டி நின்றன. நிற்கிற மீனைப் பிடிப்பது சுலபம், ஆகவே பிடித்தார்கள். அணைகளில் மீனுக்கு வழிவிட வேண்டும் என்று 1873-ல் ஃபிரான்சிஸ் டே அரசாங்கத்துக்கு எழுதினார். 1909-ல் சென்னை மாகாண மீன்துறையைச் சேர்ந்த வில்சன் கீழணையில் உள்ளத்தின் முட்டையைச் செயற்கையாகக் கருவுறச் செய்து பார்த்தார். மீனேணியும் வைத்தார்கள். உள்ளம் அதில் ஏறவில்லை.

ஏன் ஏறவில்லை என்பது ஜிக் செய்கிறவனுக்கு அந்நியமான கேள்வி அல்ல. மீனேணி என்ற யோசனை சால்மனைப் பார்த்து எழுந்தது. சால்மன் துள்ளும், ஒரு படியிலிருந்து இன்னொரு படிக்குத் தாவும். ஷாட் ஜாதி தாவாது. தடையைக் கண்டால் கூட்டமாக அங்கேயே அலைந்துகொண்டிருக்கும். அமெரிக்காவில் கனெக்டிகட் ஆற்றின் ஹோலியோக் அணையில் கடைசியில் 1955-ல் அதைப் புரிந்துகொண்டு, மீன்களைத் தண்ணீரோடு தொட்டியில் ஏந்தி மேலே தூக்கிவிடும் மின்தூக்கி வைத்தார்கள். ஷாட் இன்றைக்கும் அதில்தான் ஏறிப்போகிறது. வேறொரு மீனின் சுபாவத்துக்காகச் செய்த உருவத்தை இந்த மீனின் முன் வைப்பது, மடவை ஜிக்கை ஷாட்டிடம் வீசுவதைப் போன்றது. வித்தியாசம் என்னவென்றால், ஜிக் பிசகினால் ஒரு சாயங்காலம் வீணாகும். 1934-ல் மேட்டூர் அணை வந்தபின் வெள்ளத்தின் போக்கே மாறிவிட்டது. காவிரியில் உள்ளம் அற்றுப்போனது.

2019-ல் அணைக்கரைக்குப் போயிருந்தேன். உள்ளம் தூண்டிலுக்குப் பேர்போன மீன் அல்ல, அதற்கு வலைதான். ஆனால் ஒரு காலத்தில் ஷாட்டும் அப்படித்தான் கருதப்பட்டது. கொள்ளிடத்துக்கென்று ஒரு ஜிக் செய்தால் அது எவ்வளவு கனம் இருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள ஆசை. பாலத்துக்குப் பக்கத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்த பெரியவரிடம் விசாரித்தேன். உள்ளத்தை அவர் பார்த்ததில்லை. அவருடைய தாத்தா பிடித்ததாகக் கேள்வி. எந்த மாதம் என்று கேட்டதற்கு மாதம் சொல்லவில்லை. ‘செங்கலங்கல் வரும்போது வருமாம் தம்பி. தண்ணி செவப்பா, கனமா வரும்ல, அப்போ. தெளிஞ்சா போயிடுமாம்’ என்றார். எந்த ஆழத்தில் நிற்கும் என்று கேட்டேன். ‘அது எங்க தாத்தாவைத்தான் கேக்கணும்’ என்றார்.

செங்கலங்கலுக்குச் சிவப்பு ஆகாது. வெள்ளையோ மஞ்சளோதான் தெரியும். ஆக, நிறம் கிடைத்துவிட்டது. கனம் கிடைக்கவில்லை. அது ஓட்டத்தைப் பொறுத்தது. ஓட்டம் இப்போது கீழணையில் எத்தனை ஷட்டரை எத்தனை அடி தூக்கியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. கல்சட்டியின் பக்கச் சுவர்த் துண்டுகள் இரண்டைத் தேய்த்து, ஆணிக்குழியும் போட்டு வைத்திருக்கிறேன். கூம்பு இன்னும் குடையவில்லை.